பிக்கப்பின் பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம்: கிரவுன் பினியனை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

காசிமேடு_லோடு

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது ஒன்றரை டன் டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விடியற்காலை காசிமேட்டில் மீன் ஏற்றினால் மூலக்கடை, மாதவரம், புழல் வழியாகச் செங்குன்றம் வரை போய் இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு திரும்புவேன். கொஞ்ச நாளாகப் பின்னாலிருந்து ஒரு சத்தம். ஜிஎன்டி ரோட்டில் 45-ஐத் தாண்டினதும் ‘உய்ங்ங்’ என்று ஆரம்பிக்கிறது, 60 வரை கூடவே ஏறுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். லோடு இருந்தால் அதிகம், காலியாக வந்தால் குறைவு. அதோடு முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் மாற்றி கிளட்சை விடும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு தட்டு.

குனிந்து பார்த்தால் ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் இழுவை கொண்டுவரும் தண்டு) வந்து சேரும் இடத்தில், பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் உருண்டையின் மூக்கில், எண்ணெய் கசிந்து அதன்மேல் மண் அப்பிக் கிடக்கிறது. சொட்டுச் சொட்டாக விழவில்லை, ஆனால் எப்போதும் ஈரம்.

தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிரவுன் பினியன் (அந்த உருண்டைக்குள் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) போச்சு, புதுப்பேட்டையில் பழைய செட் ஒன்று பார்த்து மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், கெட்டியான 140 ஆயில் ஊற்றி ஓட்டு, சத்தம் போய்விடும் என்கிறார். முன்பு வைத்திருந்தவர் கிரவுன் ஆயில் எப்போது மாற்றினார் என்று தெரியாது. எதை நம்புவது? வண்டி ஒரு நாள் நின்றாலும் எனக்குப் பிரச்சினை, அதனால் தேவையில்லாமல் திறக்க விருப்பமில்லை.

பழைய_ஸ்பேனர்

தம்பி, ரெண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்குத் தள்ளி வை. கிரவுனைத் திறப்பது கடைசி வேலை, முதல் வேலை இல்லை.

முதலில் அது டயர் சத்தமா என்று பார். டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும். புது தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டில் வேறு மாதிரி கேட்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் எடுத்தாலும் அதற்குக் கவலையில்லை. கிரவுன் சத்தம் நேர்மாறு. ரோடு எதுவானாலும் ஒரே குரல், இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி. நீ சொல்வதைப் பார்த்தால் டயர் இல்லை. வீல் பேரிங்கும் இல்லை, அதுவாக இருந்தால் வளைவில் வண்டியின் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடும் அல்லது குறையும்.

அடுத்து ஷாஃப்ட். ஹேண்ட் பிரேக்கை விடு, கியரை நியூட்ரலில் போடு, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடு (ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும், அதனால் பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பவும் கூடாது). யூஜே கிராஸ் (ஷாஃப்ட் முனைகளில் இருக்கும் சிலுவை மூட்டு) ரெண்டையும் கையால் முறுக்கிப் பார். கிராஸ் கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரிந்தால் கிரீஸ் காய்ந்து உள்ளே ஊசி பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம். அந்த ‘டொக்’ பாதி வண்டிகளில் அங்கிருந்துதான் வரும். உன் வண்டியில் ரெண்டு துண்டு ஷாஃப்ட்டாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங் ரப்பரையும் பார்த்துக்கொள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஷாஃப்ட்டைப் பினியன் பக்கம் கழற்றிவிட்டு, பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் போல்ட் ஆகும் தட்டை) ரெண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டு, முன்னும் பின்னும் இழு. சுழலும்போது கொஞ்சம் லூஸ் இருப்பது இயல்பு, அது பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி. ஆனால் மேலும் கீழும் ஒரு நூல் ஆடினாலும் பினியன் பேரிங் போய்விட்டது. இதைத்தான் உன் மெக்கானிக் பார்த்திருக்க வேண்டும், ஓட்டிப் பார்த்து மட்டும் சொல்லக் கூடாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பினியன் கோன் பேரிங் ரெண்டின் நடுவில் இறுக்கமாக நிற்க வேண்டியது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதை ஒரு பக்கம் தள்ளும், காலை எடுத்தால் மறுபக்கம் தள்ளும். பேரிங் தேய்ந்து லூஸ் விழுந்தால் பினியன் இடம் மாறி, கிரவுன் பல்லில் பழகின இடத்தை விட்டு வேறு இடத்தில் உரசும். பல் நன்றாகவே இருக்கும், ஆனாலும் ஊளையிடும். அந்த நிலையில் செட்டையே தூக்கிப் போடச் சொல்வது அநியாயம்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

அண்ணன் சொல்வதெல்லாம் சரி. ஆனால் 140-ஐ அவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம். நான் மணலியிலிருந்து லோடு அடிக்கிறேன், நம் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டு, வெயிலில், ஃபுல் லோடில் ஓடும் வண்டிக்கு 90 எண்ணெய் சூட்டில் தண்ணி மாதிரி ஆகிவிடுகிறது. 85டபிள்யூ-140 போட்டதிலிருந்து என் வண்டி அமைதியாகத்தான் இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்

அமைதியாகத்தான் இருக்கும் தம்பி, அதுதான் எனக்குப் பயம். கெட்டி எண்ணெய் சத்தத்தை அமுக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. உன் வண்டி மேனுவலில் 140 அனுமதி இருந்தால் தாராளமாகப் போடு, லோடு வண்டிகள் சிலவற்றுக்கு அதையே சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் 80டபிள்யூ-90-ஐ விட்டு நகராதே. சத்தம் வரும் வண்டியில் காரணம் பார்க்காமல் கெட்டி எண்ணெய் ஊற்றுவது மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதுபோலத்தான்.

நம்பரைவிட முக்கியம் டப்பாவில் ஜிஎல்-5 (கியர் எண்ணெயின் தர வகை) என்று இருக்கிறதா என்பது. நம் பிக்கப்களில் இருப்பது ஹைபாய்ட் பல். பினியனின் மையம் கிரவுன் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும், அதனால் பல் பல்லின் மேல் உருளுவதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கியும் போகும். அந்த வழுக்கலில் சாதா எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5-இல் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து கூடுதலாக இருக்கும். கியர்பாக்ஸுக்கு வாங்கின ஜிஎல்-4 மிச்சம் இருக்கிறது என்று அதைக் கிரவுனில் ஊற்றுகிறார்கள், செய்யாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5-ஐ ஊற்றுவதும் தப்பு, அதில் உள்ள மருந்து சில பெட்டிகளின் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும்.

ராயபுரம்_சீல்

மூக்கில் கசிவு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஆக்சில் ஹவுசிங்கின் மேலே, டிரம்முக்கும் நடு உருண்டைக்கும் இடையில், ஒரு சின்ன மூடி இருக்கும், சில வண்டிகளில் அதிலிருந்து ரப்பர் குழாய் மேலே போகும். அதுதான் பிரீதர். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அது வெளியேற ஒரே வழி அதுதான். அடைத்துக்கொண்டால் அழுத்தம் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். மீன் வண்டியில் ஐஸ் உருகின உப்புத் தண்ணி தளத்தின் இடுக்கு வழியாக நேராக அதன் தலையில்தான் வடிகிறது. உப்பும் செதிலும் மண்ணும் சேர்ந்து மூடி கல்லாக இறுகிவிடும். நல்ல பிரீதர் மூடி விரலால் திருகினால் சுற்ற வேண்டும், லேசாகத் தூக்கினால் எழும்ப வேண்டும். இறுகியிருந்தால் டீசலில் ஊறப்போட்டுப் பார்க்கலாம், புதிது விலை ஒன்றும் பெரிதில்லை. அதைச் சரிசெய்யாமல் பினியன் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும்.

இன்னொன்று, மழைக்காலம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணியில் இறக்கினால், ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், பிரீதரும் தேய்ந்த சீலும் வெளித் தண்ணியை உறிஞ்சும். அப்புறம் எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறும். அச்சு மூழ்கும் தண்ணியில் போய்விட்டு வந்தால் நிரப்புத் துளையைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெளுத்திருந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வடித்துவிடுங்கள். தண்ணி கலந்த எண்ணெயில் வண்டி சும்மா நின்றாலே பேரிங் உருளையில் துருப்புள்ளி விழும்.

எண்ணெயை எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமதரையில் நிறுத்தி, முதலில் நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள், அது வருகிறது என்று உறுதியான பிறகுதான் வடிக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். உப்பில் ஊறின வண்டியில் மேல் பிளக் இறுகிப்போய் ஸ்பேனர் வழுக்கும், கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேலே ஊற்ற வழியில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலை வளைத்து உள்ளே விட்டால் துளையின் கீழ் விளிம்புக்கு எண்ணெய் தொட வேண்டும். அதற்கு மேலும் வேண்டாம். அதிகம் ஊற்றினால் நுரைக்கும், ஆக்சில் சீல் வழியாக டிரம்முக்குள் போகும், பிரேக் ஷூ நனைந்தால் ஒரு பக்கம் பிடிக்காது.

காசிமேடு_லோடு

நன்றி அண்ணா எல்லோருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சானைக் கூட வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன வரிசையில் பார்த்தேன்.

பிரீதர் மூடி அசையவே இல்லை. துருவும் உப்பும் சேர்ந்து ஹவுசிங்கோடு ஒட்டின மாதிரி இருந்தது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்தபோது உள்ளே துளையே தெரியவில்லை. நிரப்புத் துளையில் விரல் முழுதாக உள்ளே போயும் எண்ணெய் தட்டவில்லை. வடித்ததில் வந்தது கொஞ்சம்தான், கறுப்பு, கருகின நாற்றம். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை, விரலில் தேய்த்தால் நைசாக இருக்கிறது. பனியன் வேஸ்ட்டில் வழித்து வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு கொஞ்சம் தெரிகிறது, ஆனால் துண்டோ செதிலோ எதுவும் கையில் அகப்படவில்லை. கிராஸ் ரெண்டும் நன்றாக இருக்கின்றன. ஃபிளாஞ்சைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் ஆடுகிறது, லேசாகத்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போதைக்குப் புது ஜிஎல்-5 90 ஊற்றி வைத்திருக்கிறேன். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பழைய_ஸ்பேனர்

ஓட்டலாம், ஆனால் நீண்ட நாள் கூடாது, லோடைக் குறைத்து ஓட்டு. நடந்தது என்னவென்று இப்போது தெளிவாகிவிட்டது. பிரீதர் அடைத்தது, சீல் ஒழுகியது, எண்ணெய் இறங்கியது, மூக்குப் பக்க பேரிங்குக்கு எண்ணெய் போதாமல் அது முதலில் தேய்ந்தது. எண்ணெய் குறைந்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த முன் பேரிங்தான், கிரவுன் சுழன்று வீசுகிற எண்ணெய்தான் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும். நைசான சாம்பல் பசை எல்லா வண்டியிலும் வரும், பயப்படாதே. பல்லின் மூலை உடைந்திருந்தால் அரிசி நொய் அளவிலாவது துண்டு வந்திருக்கும்.

அதனால் வேலை: பினியன் பேரிங் ரெண்டும், பினியன் சீல், பிரீதர். உள்ளே திறக்கிறார்கள் என்பதால் கிரவுனைத் தாங்கும் பக்கவாட்டு பேரிங்குகளையும் பார்க்கச் சொல். கிரவுன் பல்லைக் கழுவித் துடைத்துவிட்டு நீயே டார்ச் அடித்துப் பார். நீலமாக வெந்த நிறம், பல் முகத்தில் குழி, வரி வரியாகக் கீறல் எதுவும் இல்லை என்றால் அதே செட்டையே போடலாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதும் சிலது இருக்கிறது. பக்க பேரிங் மூடிகள் ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை, இடது வலது மாறக் கூடாது, கழற்றும் முன்பே பஞ்சில் புள்ளி அடித்துக்கொள்ளச் சொல். ஷிம்களை (இடைவெளி சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளை) எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாரோ அந்தப் பக்கத்துக்கே கட்டி வைக்கட்டும். பினியனில் நசுங்கும் ஸ்லீவ் (நட்டை முறுக்கும்போது நசுங்கி பேரிங்கின் இறுக்கத்தை வைக்கும் குழல்) இருக்கும் வகையென்றால் புது ஸ்லீவ் கட்டாயம். ஏர் கன்னால் ஒரே அடியாக நட்டை முறுக்குகிறார் என்றால் அந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்துவிடு. ஸ்லீவ் ஒருமுறை அதிகமாக நசுங்கினால் நட்டைத் திருப்பிவிட்டுச் சரிசெய்ய முடியாது, இன்னொரு புது ஸ்லீவ்தான். கொஞ்சம் முறுக்கு, சுற்றிப் பார், மறுபடி கொஞ்சம் முறுக்கு, அப்படித்தான் போக வேண்டும். டார்க் மீட்டர் இல்லாத பட்டறையில் ஃபிளாஞ்சைச் சுற்றி நூல் கட்டி ஸ்பிரிங் தராசால் இழுத்து, எத்தனை கிராமில் சுற்ற ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார்கள். அது பழைய முறை, ஆனால் சரியான முறை. பேரிங் பழையதா புதிதா என்பதைப் பொறுத்து அளவு மாறும், மேனுவல் பார்த்துக்கொள்ளவும்.

கடைசியில் பல் இடைவெளி, டயல் கேஜ் வைத்துத்தான். பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், உன் வண்டிக்கு மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. ஆனால் பழைய செட்டையே மறுபடி போடும்போது, கழற்றும் முன்பு இருந்த இடைவெளியை அளந்து வைத்து அதற்கே திருப்புவது நல்லது. பழகின பல்லைப் புது அளவுக்கு இழுத்து வைத்தால் அப்போதும் கத்தும். பல்லில் மார்க்கிங் நீலம் தடவிச் சுற்றி, உரசின தடத்தை உனக்குக் காட்டச் சொல், போனில் படம் எடுத்துக்கொள். தடம் பல்லின் நுனியோரம் ஏறியிருந்தால் பினியன் வெளியே நிற்கிறது, வேர்ப்பக்கம் இறங்கியிருந்தால் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. நடுவில் விழுந்தால்தான் மூட வேண்டும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்

புதுப்பேட்டை செட் எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால் ஒரு எச்சரிக்கை. கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசித் தயாரானவை, ரெண்டிலும் ஒரே எண் கொத்தியிருக்கும். எண் வேறாக இருந்தால் வாங்க வேண்டாம், விற்பவர் என்ன சொன்னாலும் சரி. பல்லையும் எண்ணிப் பாருங்கள். 41-க்கு 10 என்றால் 4.1, 41-க்கு 9 என்றால் 4.56. ஒரே மாதிரி தெரியும் உருண்டைக்குள் வேறு விகிதம் இருக்கலாம், மாறிப்போனால் இழுவையும் மாறும், கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் மீட்டரும் பொய் சொல்லும். உங்கள் வண்டியில் என்ன விகிதம் என்று திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்: ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில், அதை ரெண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். மறு சக்கரம் தரையில் நிற்பதால்தான் ரெண்டு சுற்று.

வியாசர்பாடி_வண்டி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு நேர் ரோட்டில் எந்தச் சத்தமும் இல்லை, யூ டர்ன் அடிக்கும்போது மட்டும் பின்னால் ‘கடக் கடக்’ என்கிறது. இதுவும் பேரிங்கா?

பழைய_ஸ்பேனர்

இல்லை, திரும்பும்போது மட்டும் என்றால் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியரும் (திரும்பும்போது ரெண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரங்கள்) அவற்றைத் தாங்கும் ஊசியும்தான் முதல் சந்தேகம். நேராகப் போகும்போது அவை தங்களைச் சுற்றியுள்ள கேஸோடு சேர்ந்து போகும், தனியாகச் சுற்றாது. பின் டயர் ரெண்டும் ஒரே அளவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தேய்ந்த ரீட்ரெட் என்று ஓட்டினால் நேர் ரோட்டிலும் ஸ்பைடர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஊசி அறுபட்டுப்போகும். தள்ளிப் போடாதீர்கள், ஊசி கழன்றால் ஹவுசிங்கோடு போகும்.

ராயபுரம்_சீல்

காசிமேடு தம்பிக்கு: இப்போது லோடைக் குறைத்து ஓட்ட முடிந்தால், பெரிய வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, உங்கள் வண்டிக்கும் ஓட்டம் குறையும். ஆனால் ஃபிளாஞ்ச் ஆட்டம் கூடினாலோ, ஓடி நிறுத்தினதும் மூக்கில் கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ அதுவரை இழுக்க வேண்டாம். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து நம் ஆட்கள் பட்டது போதும்.

காசிமேடு_லோடு

சரி அண்ணா. வேலை முடித்து எடுத்த பிறகு உடனே ஃபுல் லோடு ஏற்றலாமா?

பழைய_ஸ்பேனர்

பழைய பல், புது பேரிங் என்றால் ரெண்டு நாள் பாதி லோடில் ஓட்டு, சூட்டைக் கவனி, சீல் நனைகிறதா பார், அப்புறம் ஏற்று. புது கிரவுன் செட் போட்டிருந்தால் கதை வேறு. முதல் தடவை லோடு இல்லாமல் இருபது முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். சுமார் 800 கிலோமீட்டர் வரை அதிக லோடோ ஒரே இழுவையோ கூடாது, அது முடிந்ததும் அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். அதற்கப்புறம் உப்புத் தண்ணியில் ஓடும் வண்டிக்கு மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்று. தளத்து இடுக்கை அடைத்து, ஐஸ் தண்ணியைக் குழாய் வைத்துப் பின்பக்கமாக வெளியே விடு, ஆக்சில் மேல் வடியாமல்.